டிராகன் படகில் முதன்முறை ஏறுவோர் அறிந்திருக்க வேண்டியவை

மே மாதம் பிறந்துவிட்டால் சிங்கப்பூரின் காலாங் படுகையிலும் பிடோக் நீர்த்தேக்கத்திலும் விடிந்ததும் விடியாததுமாக முரசொலி கேட்கத் தொடங்கிவிடும். சீன நாட்காட்டியின் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாளில், பெரும்பாலும் ஜூன் மாதத்தில், வரும் டிராகன் படகுத் திருவிழாவுக்காகச் சமூக மன்றங்களும் நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் அணி சேர்க்கும் காலம் அது. மிலுவோ ஆற்றில் மூழ்கிய கவிஞர் சூ யுவானை மீட்பதற்காக ஊர் மக்கள் படகுகளில் விரைந்து சென்றார்கள் என்றும், அந்த நினைவே இன்றைய பந்தயமாக வளர்ந்தது என்றும் மரபு சொல்கிறது. நீரில் போன ஓர் உயிரைத் தேடிச் சென்ற படகிலிருந்து பிறந்த விளையாட்டில் உயிர்ப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவது பொருத்தமானதுதான்.

சமூக அளவிலான போட்டிகளில் வழக்கமான தூரம் 200 மீட்டர். புதியவர்கள் நிறைந்த அணிகூட அதை ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் முடித்துவிடும். ஆனால் படகில் ஏறி, தொடக்கக் கோட்டுக்குச் சென்று, மற்றப் படகுகளோடு வரிசையில் நின்று, பந்தயம் முடிந்து திரும்பி, மிதவைத் தளத்தில் இறங்கும்வரை கணக்கிட்டால் அந்த அணி நீரில் கழிக்கும் நேரம் எளிதாக அரை மணியைத் தாண்டும். இதற்கு முந்தைய வாரங்களில் பயிற்சிக்காகச் செலவிட்ட மணிநேரங்களும் உண்டு. கூட்டத்தின் கண்ணும் அமைப்பாளரின் கவனமும் மீட்புப் படகுகளும் குவிந்திருப்பது அந்த ஒரு நிமிடத்தின்மீது. இந்த விளையாட்டில் நேர்ந்த பெரிய விபத்துகளோ அந்த நிமிடத்துக்கு வெளியே நிகழ்ந்திருக்கின்றன.

2007ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள், கம்போடியாவின் நீர்த் திருவிழாவில் பங்கேற்கச் சென்றிருந்த சிங்கப்பூர் தேசிய அணியினர் 22 பேர் புனோம் பென் நகரின் தொன்லே சாப் ஆற்றில் பந்தயத்தை முடித்துவிட்டிருந்தார்கள். கரை சேரும் வேளையில் ஆற்றின் இழுப்பு படகைக் கொண்டுபோய் மிதவைத் தளம் ஒன்றில் மோதியது. படகு கவிழ்ந்தது, ஐந்து வீரர்கள் உயிரிழந்தார்கள். நாட்டுக்காகத் துடுப்பு வலித்த, உடல் உரமேறிய இளைஞர்கள் அவர்கள். யாரும் லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை. 2010ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள், பினாங்கில் ஜார்ஜ் டவுன் கரையோரக் கடலில் பயிற்சியில் இருந்த ஒரு பள்ளி அணியின் படகு வேறொரு கலத்தில் மோதிக் கவிழ்ந்ததில் மாணவர்கள் ஐவரும் ஆசிரியர் ஒருவரும் மாண்டார்கள். 2018ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், சீனாவின் குயிலின் நகரில் தாவ்ஹுவா ஆற்றில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த படகு ஒன்று வேகமான நீரோட்டத்தில் சிக்கிக் கவிழ்ந்தது. சிறிது நேரத்தில் அதே இடத்தில் இன்னொரு படகும் கவிழ்ந்தது. ஏறத்தாழ 60 பேர் நீரில் விழுந்தார்கள். 17 பேர் உயிரிழந்தார்கள்.

ஒன்று பந்தயம் முடிந்த பிறகு, ஒன்று பயிற்சியில், ஒன்று ஒத்திகையில். மூன்றிலும் படகைக் கவிழ்த்தது எதிரணியின் மோதலோ பந்தய வேகமோ இல்லை. முதலிரண்டிலும் படகு அசையாத அல்லது பெரிய பொருளொன்றில் மோதியது. மூன்றாவதில் ஆற்றின் ஓட்டமே போதுமானதாக இருந்தது. ஓடும் நீரில் நங்கூரமிட்டு நிற்கும் எந்தப் பொருளும், அது மிதவைத் தளமானாலும் சரக்குப் படகானாலும், நீருக்குத் தடை ஆகாது. நீர் அதன் அடியில் புகுந்து போய்விடும். அந்த நீரின்மேல் வரும் படகு மட்டும் அந்தப் பொருளில் குறுக்காக அமர்ந்துகொள்ளும். அப்போது நீர் வரும் பக்கத்து விளிம்பு தாழும், நீர் உள்ளே ஏறும், சில நொடிகளில் படகு புரளும், விழுந்தவர்கள் நீரோடு சேர்ந்து அந்தப் பொருளின் அடிக்கே இழுக்கப்படுவார்கள். அங்கே நீச்சல் வல்லமைக்கு வேலை குறைவு. அதனால்தான் ஓடும் நீரில் கரை சேரும் படகு எப்போதும் நீரோட்டத்தை எதிர்கொண்டு, மெதுவாக, நீர் தளத்தைக் கடந்து ஓடும் பக்கத்திலிருந்து வர வேண்டும் என்று சுக்கானிகளுக்குக் கற்பிக்கிறார்கள். நீரோட்டத்தோடு கூடவே வந்து தளத்தைப் பிடிக்க முயல்வது எத்தனை பழகிய அணிக்கும் ஆபத்துதான்.

சிங்கப்பூரில் பழகுவோருக்கு இங்கே தனியாக ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. 2008இல் மரினா அணைக்கட்டு செயல்படத் தொடங்கியபின் காலாங் படுகை கடலின் ஏற்ற இறக்கத்திலிருந்து பிரிந்து நன்னீர்த் தேக்கத்தின் பகுதியாகிவிட்டது. பிடோக்கும் தேக்கம்தான். ஆகவே பல ஆண்டுகள் துடுப்பு வலித்த ஒருவர்கூட ஓடும் நீரில் ஒருமுறையும் படகு செலுத்தாதவராக இருக்க முடியும். அத்தகைய அணி அயல்நாட்டுத் திருவிழாவுக்கு அழைக்கப்பட்டு ஒரு பேராற்றில் இறங்கும்போது, பதக்கங்களின் எண்ணிக்கை ஒருபுறம் இருக்கட்டும், அந்த நீரைப் பொறுத்தவரை தாங்கள் புதியவர்கள் என்பதை ஒப்புக்கொண்டே இறங்க வேண்டும். போட்டி நாளுக்கு முன் உள்ளூர்ச் சுக்கானி ஒருவரோடு அந்த ஆற்றில் ஒருமுறையாவது சென்று வருவதை நான் கட்டாயம் என்றே சொல்வேன்.

இனிப் படகுக்கு வருவோம். போட்டிக்கான பெரிய படகு ஏறத்தாழ 12.5 மீட்டர் நீளமும் நடுவில் 1.16 மீட்டர் அகலமும் கொண்டது. எடை சுமார் 250 கிலோ. அதில் பத்து வரிசைகளில் இருவர் இருவராக இருபது துடுப்பாளர்கள், முகப்பில் அணியைப் பார்த்தபடி முரசறைபவர், பின்புறம் நீண்ட சுக்கான் துடுப்பைப் பிடித்து நிற்கும் சுக்கானி என 22 பேர் இருப்பார்கள். ஆளுக்குச் சராசரியாக 65 கிலோ என்று வைத்தாலும் 1,400 கிலோவுக்கு மேல் வருகிறது. அதாவது படகைப்போல் ஐந்து மடங்குக்கும் அதிகமான எடை அதன்மேல் உயிருள்ள மனிதர்களாக அமர்ந்திருக்கிறது. படகு நிலையாக நிற்பதும் சாய்வதும் அவர்கள் கையில்தான் உள்ளது. ஒரு பக்கத்தவர் எல்லாரும் வேடிக்கை பார்க்கவோ படம் எடுக்கவோ திரும்பிச் சாய்ந்தால் போதும், விளிம்பு நீரைத் தொட்டுவிடும். கனமானவர்களை நடு வரிசைகளில் உட்கார வைப்பதும், ஒவ்வொரு வரிசையிலும் இருவரின் எடையும் ஏறக்குறைய ஒத்திருக்கும்படி பார்த்துக்கொள்வதும் இதற்காகவே. நடு நீரில் இடம் மாறுவதற்காக எழுந்து நிற்பதை எந்தச் சுக்கானியும் அனுமதிக்கமாட்டார்.

படகு ஆடும்போது புதியவர்கள் இயல்பாகச் செய்வது துடுப்பை நீரிலிருந்து எடுத்துவிட்டு விளிம்பைப் பற்றிக்கொள்வது. அது படகை இன்னும் தளர்த்திவிடும். கைகளை நீட்டித் துடுப்பின் தட்டையான பரப்பை நீரின்மேல் படிய வைத்து, இடுப்பைப் பலகையில் அழுத்தி, அசையாமல் இருப்பதே சரியான செயல். இருபது துடுப்புகள் இருபுறமும் நீரைத் தாங்கிக்கொண்டால் அந்தக் குறுகிய படகு அகலமான தெப்பம்போல் நின்றுவிடும். இதற்கான கட்டளை ‘ஸ்டெபிலைஸ்’ என்றோ ‘பிரேஸ்’ என்றோ வரும். துடுப்பு வலிப்பதை நிறுத்த ‘லெட் இட் ரன்’, படகை நிறுத்த ‘ஹோல்ட் தி போட்’. நாட்டுக்கு நாடு, மன்றத்துக்கு மன்றம் இந்தச் சொற்கள் மாறுவதால், தளத்தை விட்டு நகரும் முன்பே இந்த மூன்றும் அந்தப் படகில் எப்படிச் சொல்லப்படும் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

கட்டளை தருபவர் யார் என்பதிலும் குழப்பம் இருக்கக்கூடாது. அணித் தலைவர் அலுவலகத்தில் மேலாளராக இருக்கலாம், முரசறைபவர் உரத்த குரல்காரராக இருக்கலாம்; ஆனால் நீரின்மேல் பொறுப்பு சுக்கானியுடையது. அவர் ஒருவர்தான் நின்றுகொண்டு முன்னோக்கிப் பார்க்கிறார். முரசறைபவருக்குப் படகின் முன்னால் இருப்பது முதுகுப்புறம். துடுப்பாளர்களுக்குத் தெரிவது முன்னால் இருப்பவரின் முதுகு. ஆகவே ‘நிறுத்து’ என்ற சொல் பின்னாலிருந்து வந்தவுடன், காரணம் கேட்காமல், இன்னும் இரண்டு வீச்சு என்று நினைக்காமல், இருபது பேரும் நிறுத்திவிட வேண்டும். நிறுவன அணிகளில் இது எதிர்பார்ப்பதைவிடக் கடினமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அலுவலகப் பதவிவரிசை படகிலும் தொடரும்போது, இளம் சுக்கானி ஒருவரின் குரலுக்குப் பின் மேலாளரின் முகத்தைப் பார்க்கும் பழக்கம் வந்துவிடுகிறது.

2007க்குப் பிறகு சிங்கப்பூர் டிராகன் படகு விளையாட்டில் லைஃப் ஜாக்கெட் கட்டாயமானது. ஆனால் அணிவது வேறு, சரியாக அணிவது வேறு. துடுப்பாளர்கள் அணியும் கையில்லாத, குட்டையான உடுப்பு பெரும்பாலும் 50 நியூட்டன் மிதப்பு விசை கொண்டது. நினைவோடு இருப்பவரை, நீரில் அசையத் தெரிந்தவரை மிதக்க வைக்க அது போதும். நினைவிழந்து குப்புற மிதப்பவரை மல்லாத்தித் திருப்பும் வேலையை அது செய்யாது. அதற்கு இன்னும் பெரிய, கழுத்தைச் சுற்றிய உடுப்பு வேண்டும், அதை அணிந்து துடுப்பு வலிக்க முடியாது. இந்த வரம்பைத் தெரிந்துகொண்டால்தான், கவிழ்ந்த கணமே பக்கத்து ஆளைத் தேடவேண்டிய கட்டாயம் ஏன் என்பது விளங்கும். அணிந்தபின் வேறொருவரைத் தோள்பட்டைகளைப் பிடித்து மேலே இழுக்கச் சொல்லிப் பாருங்கள். உடுப்பு காதுவரை ஏறினால் அது உங்கள் அளவு அல்ல. வியர்க்கிறது என்று பக்கவார்களைத் தளர்த்துவதும், படம் எடுக்கும் நேரத்தில் கொக்கியைக் கழற்றிவிட்டு மீண்டும் மாட்ட மறப்பதும் அன்றாடக் காட்சிகள். நீரில் பட்டதும் தானே ஊதிப் பெருகும் வகை உடுப்பு இந்தப் படகுக்கு ஏற்றதல்ல. கவிழ்ந்த படகின் அடியில் அது ஊதிக்கொண்டால் அணிந்தவரை அங்கேயே அழுத்தி வைத்துவிடும்.

நீந்தத் தெரியாதவர் ஏறலாமா என்று பலரும் கேட்கிறார்கள். உடையோடு 50 மீட்டராவது நீந்தத் தெரிந்திருக்க வேண்டும் என்று பல அமைப்பாளர்கள் கேட்பதுண்டு. படிவத்தில் அந்தக் கட்டத்தில் குறியிட்டுவிட்டு உண்மையில் நீந்தத் தெரியாமல் ஏறுவோரும் உண்டு. அந்தக் குறி அமைப்பாளரை ஏமாற்றுவதோடு நிற்பதில்லை. கவிழ்ந்த பின் உங்கள் பக்கத்தில் இருப்பவர் உங்களை நம்பித்தான் தன் வேலையைத் தொடங்குவார். தெரியாது என்று முன்பே சொன்னால் சுக்கானிக்கு அருகிலோ நன்றாக நீந்துபவரின் இணையாகவோ உட்கார வைக்க வழியுண்டு. ஆழம் குறைந்த இடத்தில், லைஃப் ஜாக்கெட்டோடு, ஒருமுறை நீரில் இறங்கி மிதந்து பார்த்துவிட்டு ஏறுவது அச்சத்தைப் பாதியாகக் குறைக்கும்.

கவிழ்ந்தால் செய்யவேண்டியது சிக்கலானதல்ல, ஆனால் பழகியிருக்க வேண்டும். முதலில் உங்கள் வரிசை இணையரைக் கண்ணால் காண வேண்டும். பிறகு படகைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கரை அருகில் தெரிந்தாலும் நீந்திப் போகக்கூடாது. கவிழ்ந்த டிராகன் படகு மூழ்குவதில்லை, மீட்புப் படகுக்குச் சிதறிய இருபது தலைகளைவிட நீண்ட ஒரு படகு எளிதில் கண்ணில் படும். இருபுறமும் பரவி நின்று அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும்; நிமிர்த்த முயன்றால் மறுபக்கத்தில் இருப்பவரின் தலையில் அது விழக்கூடும். ஓடும் நீராக இருந்தால் படகுக்கும் அது போய் மோதக்கூடிய பொருளுக்கும் நடுவில் யாரும் இருக்கக்கூடாது. பிறகு சுக்கானி எண்ணச் சொல்வார். முதல் வரிசையிலிருந்து ஒவ்வொரு வரிசையும் தன் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். இணையர் கண்ணெதிரே இருந்தால் மட்டுமே சொல்ல வேண்டும்.

எங்கள் சமூக அணியின் முதல் கவிழ்ப்புப் பயிற்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. கரையிலிருந்து முப்பது மீட்டர் தொலைவில், இரண்டு மீட்புப் படகுகள் பக்கத்தில் நிற்க, பயிற்றுநர் சொன்னவுடன் எல்லாரும் ஒரு பக்கம் சாய்ந்தோம். எண்ணிக்கை ஒன்று, இரண்டு என்று ஒழுங்காக வந்து ஆறோடு நின்றுவிட்டது. ஏழாம் வரிசைப் பெண் சுற்றுமுற்றும் பார்த்தார். அவருடைய இணையர் இல்லை. பயிற்றுநர் படகின் அடிப்பாகத்தில் கைமுட்டியால் மூன்று முறை தட்டினார். உள்ளிருந்து பதிலுக்கு மூன்று தட்டு வந்தது. கவிழ்ந்த படகுக்குள் பலகைகளுக்கிடையே காற்று தங்கியிருக்கும். அந்த மனிதர் அங்கே தலையை வைத்துக்கொண்டு, சுவாசிக்க முடிகிறதே என்ற நிம்மதியில் அப்படியே இருந்துவிட்டார். வெளியே வர அவர் செய்யவேண்டியிருந்தது ஒருமுறை மூச்சடக்கி விளிம்புக்குக் கீழே குனிவது மட்டும்தான். ஆனால் இருளில், பச்சையாகக் கலங்கிய வெளிச்சத்தில், எந்தப் பக்கம் குனிவது என்று தனக்குத் தெரியவில்லை என்று பின்னர் சொன்னார். விளிம்பைக் கையால் தடவிக் கண்டுபிடித்து, அதைப் பிடித்தபடியே வெளியே வரவேண்டும் என்பதை அன்று 22 பேரும் கற்றுக்கொண்டோம். ஏழாம் வரிசை அமைதியாக இருந்ததால்தான் அவர் அங்கே இருப்பது தெரிந்தது. அந்தப் பெண் பொறுப்பில்லாமல் ‘ஏழு’ என்று சொல்லியிருந்தால் எண்ணிக்கை பத்துவரை போயிருக்கும்.

வானிலை சிங்கப்பூரில் தனிப் பாடம். ஆண்டில் 160 நாட்களுக்கும் மேல் இடி இடிக்கும் தீவு இது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை வீசும் சுமத்ரா சூறைக்காற்று பெரும்பாலும் விடியலுக்கு முன்னரோ முற்பகலிலோ மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வந்து சேரும். வார இறுதிப் பயிற்சிகள் நடப்பதும் அதே நேரத்தில்தான். மேற்கு வானத்தில் கரும்பட்டை ஒன்று எழுந்து, காற்று திடீரெனக் குளிர்ந்தால் படகைக் கரைக்குத் திருப்பும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். மின்னலைப் பார்த்தபின் 30 நொடிக்குள் இடி கேட்டால் அது பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. நீரை விட்டு வெளியேறி, கடைசி இடி கேட்டு 30 நிமிடங்கள் கழிந்தபிறகே திரும்ப வேண்டும். தேசிய சேவை செய்தவர்களுக்கு, மின்னல் அபாயத்தால் வெளிப்புறப் பயிற்சியை நிறுத்தச் சொல்லும் ‘கேட் 1’ என்ற சொல்லே போதும். பரந்த நீர்ப்பரப்பில் உயர்ந்து நிற்பது மனிதத் தலைகளும் நிற்கும் சுக்கானியும்தான், கரிம இழைத் துடுப்பு மின்சாரத்தைக் கடத்தும் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

வெயிலின் வேலை மெதுவானது. பந்தய நாளில் ஓர் அணி ஒரு நிமிடம் துடுப்பு வலிக்கும், மூன்று மணி நேரம் நிழலில்லாத கரையில் தன் முறைக்காகக் காத்திருக்கும். தலைசுற்றலோடு படகில் ஏறுபவர் பெரும்பாலும் கரையிலேயே தளர்ந்துபோனவர். தாகம் எடுப்பதற்கு முன்பே குடிப்பதும் கூடாரத்தின் கீழ் இருப்பதும் போதுமான முன்னெச்சரிக்கைகள். நெஞ்சுவலி, வலிப்பு, ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரிடமும் சுக்கானியிடமும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இன்ஹேலர் கரைப்பையில் இருந்தால் பயனில்லை, நீர்புகாப் பையில் படகிலேயே இருக்க வேண்டும். கையில் ஆறாத வெட்டுக்காயம் இருந்தால் நீர்புகாதபடி கட்டிக்கொண்டு இறங்குங்கள். நன்னீரில் எலிக்காய்ச்சல் நுழையும் வழிகளில் அதுவும் ஒன்று. ஓரிரு வாரங்களில் காய்ச்சல் வந்தால் நீரில் இறங்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

நோய் இருந்தவர்கள் விலகியே இருக்கவேண்டும் என்பதில்லை. மார்பகப் புற்றுநோய் சிகிச்சை பெற்ற பெண்கள் மேலுடலை வருத்தும் பயிற்சி செய்தால் கை வீங்கிவிடும் என்று மருத்துவ உலகம் ஒரு காலத்தில் அஞ்சியது. 1996இல் கனடாவின் வான்கூவரில் விளையாட்டு மருத்துவர் டான் மெக்கன்சி அத்தகைய பெண்கள் 24 பேரைக் கொண்டு டிராகன் படகு அணி ஒன்றைத் தொடங்கி, படிப்படியாகப் பயிற்சி தந்து, அந்த அச்சம் நிறைவேறவில்லை என்று காட்டினார். இன்று சிங்கப்பூர் உட்படப் பல நாடுகளில் அத்தகைய அணிகள் இருக்கின்றன. முதல் நாளிலேயே முழு வேகம் என்று அவர் தொடங்கவில்லை என்பதை மற்ற அணிகளும் கவனிக்க வேண்டும். தோளும் இடுப்பும் விலாவும் பிடித்துக்கொள்வது பெரும்பாலும், கையால் மட்டும் இழுக்கும் புதியவர்களுக்கு, போட்டிக்கு முந்தைய அவசரப் பயிற்சி வாரத்தில்தான்.

பெரிய ஆபத்துகளைப் பேசும்போது மறந்துபோகும் சிறிய ஒன்று விரல். ஆட்களோடு சேர்த்து ஒன்றரை டன்னுக்கும் மேல் கனமுள்ள படகு மிதவைத் தளத்தை நோக்கி நடைவேகத்தில்கூட வரவில்லை, மிதந்து வருகிறது என்று தோன்றும். விளிம்பின் வெளிப்புறத்தில் இருக்கும் விரலுக்கு அந்த வேகமே அதிகம். தளத்தையும் பக்கத்துப் படகையும் கையால் தள்ளக்கூடாது. சுக்கானி சொல்லும்வரை கைகள் உள்ளே, துடுப்பு மடியில்.

அமைப்பாளரிடம் கேட்கவேண்டியவையும் உண்டு, கேட்பதில் கூச்சம் வேண்டாம். எத்தனை மீட்புப் படகுகள் நிற்கும், அவை பந்தயப் பாதையில் மட்டும் இருக்குமா அல்லது தொடக்கக் கோட்டுக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் இருக்குமா? ரப்பர் படகு ஒன்றில் ஆறேழு பேரைத்தான் ஏற்ற முடியும் என்றால் 22 பேரையும் கரை சேர்க்க எத்தனை நடை ஆகும்? நீரில் ஆட்கள் இருக்கும்போது இயந்திரத்தை நிறுத்திவிட்டு அணுக அந்த ஓட்டுநர்கள் பழகியிருக்கிறார்களா? இடி வந்தால் போட்டியை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? இதற்குத் தெளிவான பதில் தரும் அமைப்பாளர் இதைப் பற்றி ஏற்கெனவே யோசித்தவர்.

பந்தயம் முடிந்து படகு தளத்தில் கட்டப்பட்டதும் முன்வரிசையிலிருந்து ஒவ்வொருவராக, குனிந்தபடி, நடுக்கோட்டில் கால் வைத்து இறங்குவார்கள். சுக்கானி கடைசியாக இறங்குவார். பதக்கத்துக்கும் படத்துக்கும் ஓடத் துடிக்கும் கூட்டத்தை அவர் தளத்தின் ஓரத்தில் நிறுத்தி, லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றவிடாமல், இன்னொருமுறை எண்ணச் சொல்வார். இருபத்திரண்டு என்று காதில் விழுந்த பிறகுதான் கொக்கிகள் திறக்கும் ஓசை கேட்கும்.